மேலே வந்த கோழிப் புத்தகம்

என் ரீடரில் இரண்டாயிரத்துச் சொச்சம் மின்னூல்கள் இருக்கின்றன. வாங்கிய நாளிலிருந்து அதற்கு நான் வைஃபையே காட்டியதில்லை. காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தைக்கூடக் கம்பெனிக்காரர்கள் இருந்த இடத்திலிருந்தே உருவிக்கொள்வார்கள் என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து லேப்டாப்பில் இறக்கி, ஒயர் போட்டுத்தான் ஏற்றுவேன். வீட்டைப் பூட்டித் தெருமுனை வரை போய்விட்டு, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம் நான்.

அத்தனை புத்தகங்களையும் ஒழுங்குபடுத்த முன்வந்தவன் என் நண்பன். காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் கிராமத்துக்காரன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. தினமும் வெளியே வரும்போது கேட்டில் பையைத் திறந்து காட்ட வேண்டும். அந்தப் பேச்சை எடுத்தாலே அவன் முகம் சுருங்கிவிடும். நான் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். அவனிடம் ரீடர் கிடையாது. சனிக்கிழமை மாலை என் வீட்டுக்கு வந்து எடுத்துப்போவான். திங்கள் காலை கம்பெனி பஸ் ஏறும்முன் திருப்பிக் கொடுப்பான். அந்த இரண்டு நாளில் தான் படிப்பதோடு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் உள்ளே என்ன இருக்கிறதென்று இரண்டு வரி எழுதிப் பட்டியல் போட்டுவந்தான். கதை, வரலாறு முடிந்து மருத்துவம் பாதியில் இருந்தது. நெட் இல்லாத என் ரீடரில் அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் எதில் என்ன இருக்கிறதென்று கண்டுபிடிக்க முடியாது.

ரீடரில் கடைசியாகத் திறந்த புத்தகம் மேலே வரும்படி வைத்திருந்தேன். ஒரு திங்கட்கிழமை மாலை வேலை முடிந்து வந்து பார்த்தால், உச்சியில் கோழி வளர்ப்புக் கையேடு. நான் ஏற்றியதே மறந்துபோன புத்தகம். மறுநாள் காலை பஸ் நிற்கும் இடத்துக்கே போய், ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன்.

“கோழிப் புக்கு எதனா பாத்தியாபா?”

“இல்லியே. விவசாயம் பக்கமே இன்னும் போவலபா” என்றான்.

அடுத்த திங்கட்கிழமை, பத்திரம் எழுதும் முறை. அதற்கடுத்த வாரம், பாகப்பிரிவினைச் சட்டம். எனக்குள் ஒரு வழக்கே தயாராகிவிட்டது. தாமல் ஏரிப் பக்கம் நிலம் வாங்கிக் கோழிப்பண்ணை போடப்போகிறான், பங்காளிகளோடு தகராறு, என்னிடம் மறைக்கிறான். பிறகு அதையும் தாண்டிப் போனேன். ஊரில் கண்டவர் கையிலெல்லாம் என் ரீடரைக் கொடுக்கிறான். இன்று கோழி, நாளை ரீடரே திரும்பாது.

வெள்ளிக்கிழமை ரீடரின் நம்பர் பூட்டை மாற்றினேன். சனிக்கிழமை வந்தவன் பழைய நம்பரை அழுத்தினான். திறக்கவில்லை. இன்னொரு முறை அழுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

“மெஷின்ல என்னமோ கோளாறு” என்றேன்.

ரீடரை அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்தான். “சரிபா, பஸ்ஸு வந்துடும்” என்று கிளம்பினான். வழக்கமான டீயைக்கூடக் குடிக்கவில்லை. சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மாலை என் மனைவி கேட்டாள். “நம்பர மாத்திட்டீங்களா? மத்தியானம் தொறக்கவே இல்ல.”

அவள் பட்டுக்கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். திங்கள்தான் அவளுக்கு விடுமுறை. பட்டு ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த இடத்தில் ஜரிகை விட்டுப்போகும். அதனால் அடியில் கிடக்கும் புடவைகளை அவ்வப்போது எடுத்துப் பிரித்து, மடிப்பு மாற்றி மேலே வைப்பார்கள்.

“அடியில எத்தினி கெடக்குது, யாரும் தொடாம! லீவு நாள்ல பத்து பத்தா தொறந்து மேல கொண்டாந்துக்கினு இருந்தேன். அப்டியே போட்டு வச்சா கெட்டுப்போவாதா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

“இந்த வீட்ல நானும் ஒருத்தி இருக்கறனே. என்னய ஏன் சந்தேகப்படல?” என்றாள்.

பதில் இருந்தது. என் வீட்டு ஆள் செய்யமாட்டாள், தாமல்காரன் செய்வான். வாயைத் திறந்து அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை பஸ் நிற்கும் இடத்தில் அவனைப் பிடித்து, ரீடரைக் கையில் கொடுத்து, புது நம்பரைச் சொல்லி, சந்தேகப்பட்டதையும் பொய் சொன்னதையும் ஒப்புக்கொண்டேன். கோழிப்பண்ணைக் கதையைக் கேட்டுச் சிரித்தான். “வுடுபா. மருத்துவம் பாதி இருக்குது, முடிச்சிடறேன்” என்றான். வாங்கிக்கொண்டானே என்று எனக்கு உயிர் வந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை ரீடரைக் கொண்டுவந்தான். என் கையில் கொடுக்குமுன் தானே திறந்து, மேலே இருந்த வரிசையை என் பக்கம் திருப்பினான்.

“பாத்துக்கோபா. இது, இது, அப்புறம் இது. அவ்ளோதான் தொறந்தேன்.”

வேண்டாம் என்று ஒவ்வொரு வாரமும் சொல்கிறேன். பஸ் ஹாரன் அடித்தாலும் காட்டிவிட்டுத்தான் ஏறுகிறான்.