பத்துக்குப் பத்துப் பொருத்தம்

பூவாத்தாளுக்குக் கோழிகளோடு பேசும் பழக்கம் உண்டு. பேச்சு என்றால் கொஞ்சல் இல்லை, அதட்டல். புதுச்சத்திரம் பக்கத்தில் அவளும் புருஷன் செங்கோடனும் வைத்திருந்த பண்ணையில் ஆறாயிரம் முட்டைக்கோழிகள். தீவனத் தொட்டி ஓரமாக நடந்துகொண்டே, "என்னடி மொறைக்கறே, தின்னு. நீ தள்ளு, அவ குடிக்கட்டும்" என்று கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு போவாள். நாற்பத்தெட்டாவது வயதில், ஒரு சித்திரை மாதம், அந்தக் குரல் பாதிக் கொட்டகையோடு நின்றது. மூச்சு வாங்கியது. அடிபடாமலே கையிலும் காலிலும் நீலம் பாய்ந்தது. பல் தேய்த்தால் ரத்தம்.

நாமக்கல்லில் ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள் அன்றைக்கே கோயம்புத்தூர் போகச் சொன்னார்கள். ரத்தப் புற்றுநோய். அங்கே பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மாதக்கணக்கில் மருந்து ஏற்றி நோயை அடக்கினார்கள். அடங்கியது மறுபடி கிளம்பாமல் இருக்க வேண்டுமானால் ஸ்டெம் செல் மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். செங்கோடனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்குவதற்கென்றே அங்கே கோகிலவாணி என்று ஒரு பெண் இருந்தாள். நோயாளி, கொடை கொடுப்பவர், துணைக்கு வந்தவர், மூவரையும் தேற்றி நடத்திக் கூட்டிப்போவதுதான் அவள் உத்தியோகம்.

"எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற இடம் இருக்குதுங்க. அங்க ஊறுறது கெட்டுப்போச்சு. அதைச் சுத்தமா காலி பண்ணிட்டு, வேற ஒருத்தரோட அணுவை விதையாட்டம் விடறோம். உங்களுக்குக் கூடப்பொறந்தவங்க இருக்காங்களா?"

பூவாத்தாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இருக்கறான் ஒருத்தன்."

அந்த ஒருத்தன் கந்தப்பன், தம்பி. திருச்செங்கோட்டில் வீடு, மத்தியப் பிரதேசத்தில் பிழைப்பு. சொந்த ரிக் வண்டி வைத்து ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிறவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் அக்கா பண்ணையில் போர் போட வந்தான். அவள் ஒரு இடத்தைக் காட்டினாள், அவன் இருபது அடி தள்ளிப் போட்டான். தொள்ளாயிரம் அடி போயும் புழுதிதான் வந்தது. "உன்ற நாக்குக்குப் பயந்து தண்ணி ஓடிப்போச்சு" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். அன்றோடு பேச்சு நின்றது.

கோகிலவாணி போன் போட்டபோது, ஏதோ லோன் விற்கும் பெண் என்று நினைத்து இரண்டு தடவை கட் செய்தான். மூன்றாவது தடவை அவள் ஒரே மூச்சில், "உங்க அக்கா பூவாத்தாளுக்கு உடம்பு சரியில்லைங்க" என்றாள். கந்தப்பன் வண்டியைக் காட்டிலேயே நிறுத்திவிட்டு ரயில் ஏறினான்.

பரிசோதனை முடிவு வர இரண்டு வாரம் ஆனது. கோகிலவாணி கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள். "பத்துக்குப் பத்துப் பொருத்தமுங்க. இப்படி அமையறது அதிர்ஷ்டம்."

செங்கோடன் வாயைப் பிளந்தான். "எங்க கல்யாணத்துக்கே ஆறு பொருத்தந்தானுங்க இருந்துச்சு."

"மறுக்கா பாக்கச் சொல்லுங்க" என்றாள் பூவாத்தாள். "எனக்கும் அவனுக்கும் பொறந்ததிலிருந்து ஒண்ணுலகூட ஒத்துப்போனதில்லை."

மறுபடி பார்த்தார்கள். அப்போதும் பத்துதான்.

அணுக்கள் எலும்பிலிருந்து ரத்தத்துக்கு இறங்கிவர, கந்தப்பனுக்குத் தொடர்ந்து சில நாள் ஊசி போட வேண்டும். பாறையில் ஆயிரம் அடி ஓட்டை போடுகிறவன், ஊசியைப் பார்த்ததும் கட்டிலில் சரிந்தான். நர்ஸ் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினாள். அடுத்த நாளிலிருந்து கோகிலவாணி பக்கத்தில் நின்று, ரிக் வண்டியைப் பற்றி ஏதாவது கேள்வி கேட்பாள். அவன் கம்ப்ரஷரின் பெருமையை ஆரம்பிப்பான், பேச்சு முடிவதற்குள் ஊசி இறங்கியிருக்கும். பெருமை மட்டும் ஒரு மணி நேரம் ஓடும்.

கடைசி நாள் மிஷினில் படுக்கவைத்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் போய், வேண்டியதை மட்டும் வடித்துக்கொண்டு, மற்ற கை வழியாகத் திரும்பி வந்தது.

"எத்தனை அடியிலீங்க கெடைக்கும்?" என்று கேட்டான்.

"அடிக்கணக்கு இல்லைங்க. நாலு மணி நேரம்."

நாலு மணி நேரத்தில் கிடைத்தது போதவில்லை. மறுநாளும் படுக்கச் சொன்னார்கள். "ரெண்டாவது போருங்களா?" என்று சலித்துக்கொண்டே கையை நீட்டினான். வடித்ததைக் காட்டியபோது அவனுக்குச் சப்பென்று போய்விட்டது. தக்காளி ரச நிறத்தில் ஒரு சின்னப் பை. "இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? ஒரு சொம்புகூட நெறையாதே."

அந்தப் பையை ஏற்றிய நாளை ஆஸ்பத்திரியில் பூஜ்யம் நாள் என்றார்கள். முகமூடியும் தொப்பியும் போட்ட நர்ஸுகள் நாலு பேர் கைதட்டிப் பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். ஆடி மாசத்தில் ஏதோ ஒரு நாள் என்பதைத் தவிர தன் பிறந்தநாள் பூவாத்தாளுக்குத் தெரியாது. இப்போது தேதி, மணி, நிமிஷத்தோடு ஒன்று கிடைத்தது. சிரிப்பதா என்று தெரியாமல் கும்பிட்டாள்.

அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை. தலைமயிர் முன்னாலேயே போயிருந்தது. வாயெல்லாம் புண்ணாகி எச்சில் விழுங்கினாலே கண்ணில் நீர் வந்தது. காற்றைக்கூட வடிகட்டி உள்ளே விடும் அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செங்கோடன் நின்று கையாட்டிவிட்டுப் பண்ணைக்குப் பஸ் ஏறுவான். பத்தாம் நாள் பூவாத்தாள் இன்டர்காமில் கோகிலவாணியிடம், "போதும் கண்ணு. என்னைய விட்டுருங்க" என்றாள். கோகிலவாணி கையிலிருந்த ஃபைலைக் கீழே வைத்தாள். கண்ணாடிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் செங்கோடன் போன் செய்தான். "கோழி முட்டை குறைச்சுப்போட்டுது. தீவனமெல்லாம் அதேதான். உன்ற சத்தம் இல்லாம ஏங்குதோ என்னமோ."

"வெயில் ஏறிப்போச்சு, அதான்" என்றாள். ஆனாலும் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கொட்டகைக்குள் நடக்கச் சொன்னாள். புண் வாயோடு ஆரம்பித்தாள். "ஏண்டி, நான் இல்லீன்னா உங்களுக்குத் துளிர் உட்டுப்போச்சா? தள்ளுடி. தின்னுடி."

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் கதவுக்கு வெளியே நின்று கேட்டார். நோயாளிக்குப் புத்தி தடுமாறுகிறதா என்று மனநல டாக்டரை வரச்சொல்லி எழுதப் போனார். கோகிலவாணி தடுத்தாள். "உண்மையாவே கோழிதான் சார் அந்தப் பக்கம்." டாக்டர் உள்ளே போய்ப் போனை வாங்கிக் காதில் வைத்தார். ஆறாயிரம் கோழி ஒன்றாகக் கொக்கரித்தது. மருந்துச் சீட்டில், மாலை நாலு மணி, பத்து நிமிஷம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முட்டை கூடியதா என்றால், கூடவில்லை. செங்கோடன் கூடியதாகச் சொன்னான்.

பதினாறாம் நாள் புது அணுக்கள் வேர்பிடித்ததாகத் தெரிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது கோகிலவாணி ஒரு பட்டியலை வாசித்தாள். கோழி, புறா, குருவி பக்கம் ஒரு வருஷம் போகக் கூடாது. மண் கூடாது. தூசி கூடாது. பூ கூடாது.

"பூவுமா? அப்ப நான் பேரை மாத்தோணுமா?"

பண்ணைக்குள்ளேயே வீடு இருந்ததால் அங்கே போக முடியாது. கந்தப்பன் தன் வீட்டு மாடியைச் சுண்ணாம்படித்துக் கொடுத்தான். கொடுத்த கையோடு வம்பையும் ஆரம்பித்தான். அவள் ரத்தம் ஓ வகை, அவனுடையது பி. சில மாதத்தில் அவளுக்கும் பி ஆகிவிட்டது. "இப்ப நீ ஓடறது என்ற டீசல்ல. பாத்துப் பேசு" என்பான். "அதான் வண்டி இத்தனை புகை கக்குது" என்பாள் அவள். ஆறு வருஷம் பேசாத கணக்கை இரண்டு பேரும் சண்டை போட்டே தீர்த்தார்கள்.

அந்த ஒரு வருஷமும் கழிந்தது. கோயம்புத்தூர் டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். பழைய எதிர்ப்பு சக்தி அழிந்துவிட்டதால், குழந்தைக்குப் போடும் தடுப்பூசிகளை முதலிலிருந்து போட வேண்டும். சிலதை ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம்.

குழந்தைகளுக்கு ஊசி போடும் புதன்கிழமை, கந்தப்பனைக் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். பெஞ்சு நிறையத் தாய்மார்கள், மடியில் குழந்தைகள். பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். "பேரன் எங்கீங்க?"

"எனக்குத்தானுங்க ஊசி."

அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

நர்ஸ் தனப்பிரியா கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். உள்ளே டாக்டரைக் கேட்டாள், அவர் கோயம்புத்தூருக்குப் போன் போட்டுக் கேட்டார், போடலாம் என்றார். கம்ப்யூட்டர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பிறந்த வருஷத்தைப் போட்டால் வயது அதிகம் என்றது. கந்தப்பன் குறுக்கே வந்து, "புதுப் பொறந்த தேதியைப் போடுங்க" என்று பூஜ்யம் நாளைச் சொன்னான். ஏற்றுக்கொண்டது. பிறந்தபோது எடை என்ன என்று கேட்டது.

"நாப்பத்தொரு கிலோ" என்றான் கந்தப்பன்.

தனப்பிரியா கம்ப்யூட்டரை மூடிவிட்டு நோட்டில் எழுதினாள். பழக்கதோஷத்தில் சொட்டு மருந்துக் குப்பியை எடுத்து, "வாயைத் திறங்கம்மா" என்றாள். பூவாத்தாள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு கடிதத்தின் கீழ்வரியைக் காட்டினாள். உயிருள்ள கிருமி சேர்ந்த மருந்து கூடாது, சொட்டு கூடவே கூடாது என்று கோகிலவாணி மூன்று தரம் சொல்லி அனுப்பியிருந்தாள். தனப்பிரியா முகம் வெளுத்துப்போய்க் குப்பியைப் பெட்டியில் வைத்தாள். ஊசி வந்தது. ஆயுசில் ஊசிக்குப் பயப்படாத பூவாத்தாளுக்குத் தலை கிறுகிறுத்தது. "எல்லாம் இவன் ரத்தம்" என்று முணுமுணுத்தாள். பின்னால் கந்தப்பன் ஏற்கெனவே கண்ணை மூடி நின்றிருந்தான்.

டாக்டர் அனுமதித்த பிறகு முகமூடியோடு கொட்டகைக்குப் போனாள். பழைய கோழிகள் வயதாகி விற்றுப்போய், இருந்ததெல்லாம் புதுக் குருமன்கள், அவளைப் பார்த்தே இராத இளங்கோழிகள். அதட்டியதும் ஆறாயிரமும் மிரண்டு கூண்டின் பின்பக்கம் ஒண்டின. அவளுக்கு ஒரு நிமிஷம் அழுகை வந்தது. அப்புறம் வேலையாளை வைத்துப் பண்ணையை ஓட்டிக்கொள்ளுங்கள் என்று செங்கோடனிடம் சொல்லிவிட்டாள்.

இப்போது அவளுக்கு வேறொரு வேலை இருக்கிறது. மாற்று சிகிச்சைக்குப் போகப் பயப்படுகிறவர்களுக்குக் கோகிலவாணி அவள் எண்ணைக் கொடுக்கிறாள். போன மாதம் சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஆனந்தகுமார் என்று ஒருவர் கூப்பிட்டார். விசைத்தறி வைத்திருக்கிறவர், மறுவாரம் அட்மிஷன். அட்மிஷனுக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று விசாரித்தார். பிறகு கேட்டார்: "அக்கா, தயிர் எப்ப சாப்பிடலாம்?"

"எனக்கு எட்டு மாசம் ஆச்சுங்க. உங்களுக்கு டாக்டர் சொல்லுவாரு. அதுக்கு முன்னால ஒரு சொட்டு நாக்குல வெக்கக் கூடாது."

"வலிக்குங்களா?"

"வலிக்குமுங்க. பத்தாம் நாள் போதும்னு தோணும். அப்ப எனக்குக் கூப்புடுங்க."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. கண்ணாடிக்கு வெளியே கோகிலவாணி நாற்காலி போட்ட மாதிரி, அவளும் போனை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் வைத்தார். ஐந்து நிமிஷத்தில் மறுபடி அழைப்பு.

"உங்க பேரைக் கேக்க மறந்துட்டேனுங்கக்கா. பத்தாம் நாள் கூப்புடோணுமில்லீங்க."