வெட்டு மெசினுக்கு வைத்த பொட்டு

அந்த மெசினின் கண்ணைக் குருடாக்கியது நான்தான். இதைச் சொல்ல இப்போது எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஒன்பது வயதில் சொல்லியிருந்தால் முதுகுத்தோல் உரிந்திருக்கும்.

எங்கள் ஊர் கிரானில் ஒரு பழைய நெல் களஞ்சியத்துக்குள் நடந்த வேலைத்தலம் அது. மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் உள்ளே ஓடுகிற வயர்க் கட்டுகளை அங்கே செய்தார்கள். ஏழு பெண்கள் பலகை முன்னால் நின்று, வயர்களை நிறம் பார்த்து அடுக்கிக் கட்டுவார்கள். மூலையில் வெட்டு மெசின். றீலிலிருந்து வயரை இழுத்து, கோணல் எடுத்து, அளவாக நறுக்கி, இரண்டு நுனியிலும் றப்பரைச் சீவி, பித்தளைக் கொளுவியை நசுக்கிப் பூட்டித் துப்பும். அதைத் தொடும் உரிமை ஆண்களுக்கு மட்டும். அதை ஓட்டிக்கொண்டிருந்த ஆள் கட்டாருக்கு வேலைக்குப் போனதும், பலகை முன்னால் நின்ற அம்மா முதலாளியிடம் போய், தனக்கு அது தெரியும் என்றார். பார்த்துப் பார்த்தே பழகியிருந்தார். கொழும்பிலிருந்து ஆள் வரும் வரைக்கும் என்று சொல்லி முதலாளி விட்டார்.

மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. அவர் அம்மாவின் மூத்த அண்ணன், அங்கே மேற்பார்வையாளர். அம்மாவை வேலைக்குச் சேர்த்ததும் அவர்தான். தங்கச்சி மெசின் ஓட்டுகிறாள் என்று ஊரில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்பார்கள். கூடப்பிறந்தவளுக்கும் அதே கதைதான். ஒரு பிழை வரட்டும் என்று வழி பார்த்துக்கொண்டிருந்தார்.

பிழை ஆயுத பூசையோடு வந்தது. அம்மா அவல் குழைத்து, கடலை அவித்துக் கொண்டுபோயிருந்தார். மெசினைக் கழுவித் துடைத்துச் சந்தனம் பூசினார்கள். பூசைக்கு வந்த பிள்ளைகள் எங்கள் கையிலும் ஒரு சந்தனக் கிண்ணம் தந்தார்கள். நான் மெசினின் நெற்றி எதுவென்று தேடினேன். வயர் உள்ளே போகும் வாய்க்கு மேலே சின்ன வட்டக் கண்ணாடி ஒன்று மினுங்கியது. அதில் தடிப்பாக ஒரு பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் அழுத்தினேன். வயர் ஒழுங்காக வருகிறதா என்று மெசின் பார்க்கிற கண் அதுதான் என்று எனக்கு யார் சொன்னது?

மறுநாள் சனிக்கிழமை. மிச்சக் கடலைக்காக அம்மாவோடு போனேன். சுவிச்சைப் போட்டதும் மெசின் ஒரு துண்டை வெட்டிவிட்டு, சிவப்பு லைட்டைப் போட்டுக்கொண்டு நின்றது. திரும்பப் போட்டால் திரும்ப நின்றது. பின்னேரம் லொறி வரும், சரக்குப் போயாக வேண்டும். முதலாளி தட்டிப் பார்த்தார். மாமா றீலை மாற்றினார். அம்மா கிட்டப் போனபோது அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு அத்தனை பெண்களையும் வைத்துக்கொண்டு, கடலையை மென்றபடியே கேட்டார்.

“உண்மையைச் சொல்லு புள்ள. நேத்துத் துடக்கோடயா மெசினத் தொட்ட?”

மாதத் தீட்டைத்தான் எங்கள் பக்கம் துடக்கு என்போம். இல்லை என்று அம்மா சொல்லியிருக்கலாம். பூசையன்று காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு பிள்ளையார் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வந்த ஆள் அவர். ஓம் என்றால் மெசின் மட்டுமல்ல, வேலையே போய்விடும். என் பொட்டைத்தான் மெசின் பொறுக்கவில்லையோ என்று நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“ஓம் அண்ணன், துடக்குத்தான்,” என்றார் அம்மா. “நேத்தும் துடக்கு, இண்டைக்கும் துடக்கு. அந்தக் கையாலதான் கடலையும் அவிச்சன். ஒள்ளுப்பம் தள்ளி நில்லுங்க, மெசினப் பாக்கணும்.”

மாமாவின் தாடை அப்படியே நின்றது. பூசைக் கடலையைத் துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது, பாவம். அம்மா குனிந்து மெசினை ஒரு சுற்றுப் பார்த்தார். பொட்டைக் கண்டார். பிறகு என்னைப் பார்த்தார். துணியை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சுவிச்சைப் போட்டார். வயர்த் துண்டுகள் நிற்காமல் கொட்டின. சந்தனத்தைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

லொறி நிறைந்து போனது. கொழும்பு ஆளைப் பற்றி முதலாளி அதற்குப் பிறகு கதைக்கவில்லை. மாமா தைப்பொங்கல் வரைக்கும் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. கூட வேலை செய்த இரண்டு பேர் சாப்பாட்டு நேரம் அம்மாவை விட்டுத் தள்ளி இருந்தார்கள். அம்மா தனியாக இருந்து, சம்பலை வழித்து வழித்துச் சாப்பிட்டார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. என் முதுகைக் காப்பாற்றத்தானே அம்மா அத்தனை பேருக்கு முன்னால் பொய் சொன்னார் என்று அந்த வயதில் நினைத்தேன்.

மாசியில் ஒரு சனிக்கிழமை, உன்னிச்சையிலிருந்து ஒரு அக்கா மெசின் பழக வந்தார். அவர் கை வைக்கப்போகும் நேரம் மாமா குறுக்கே வந்து, “உண்மையைச் சொல்லு புள்ள...” என்று தொடங்கினார். அம்மா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார், அவ்வளவுதான். மாமா செருமினார். பிறகு, றீல் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு வெளியே போனார். ஆளுக்குத் தொண்டை கட்டிவிட்டதாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.