நான் வைக்காத ஏணி

எண்பதுகளின் கடைசியில் கொடைக்கானல் பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கம்ப்யூட்டரில் யாரும் விளையாடக் கூடாது என்பது தலைமையாசிரியை சிஸ்டரின் கண்டிப்பு.

ஆனால் ஒரு பிளாப்பியில் விளையாட்டு இருந்தது. எதிரிகளிடம் சிக்காமல் ஏணிகளில் ஏறி இறங்கித் தங்கம் சேர்க்க வேண்டும். அதில் நாமே புது வரைபடம் அமைக்கலாம் என்று தெரிந்ததும், மதிய இடைவேளையில் ரகசியமாகத் தொடங்கினேன். ஆழமான குழி அமைத்து, அடியில் தங்கத்தை வைத்தேன்.

மறுநாள் அந்தக் குழிக்குள் ஓர் ஏணி நின்றது. நான் வைத்ததல்ல.

லேப் சாவி என்னிடமும் கணக்கு டீச்சர் ஜெயந்தியிடமும்தான் இருந்தது. 'உன் குட்டு எனக்குத் தெரியும்' என்று மிரட்டுகிறாள் என நினைத்து, அவளுடன் பேசுவதை நிறுத்தினேன். ஏணியை அழித்தேன். மறுபடியும் வந்தது.

கையும் களவுமாகப் பிடிக்க ஒரு நாள் காலையில் சீக்கிரமே போனேன். கம்ப்யூட்டர் முன்னால் சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். ஆபீஸில் அவரிடம் மாற்றுச் சாவி இருக்கும் என்பதை நான் யோசிக்கவேயில்லை. வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"குழிக்குள்ள எறங்குனவன் எப்படி டீச்சர் மேல வருவான்? நான் உள்ளயே மாட்டிக்கிட்டுக் கெடக்கேன்" என்றார்.

"அத யோசிக்கலைங்க, சிஸ்டர்."

"அதான் ஏணி வச்சேன். ஜெயந்திகிட்டச் சொல்லிறாதீங்க."

அன்று மதியம் ஜெயந்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எம் மேல என்ன கோவம்?" என்று கேட்டாள். சிஸ்டரைக் காட்டிக்கொடுக்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. "ஒண்ணுமில்ல" என்றேன். அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.