கையில் கொடுக்காத கட்டு

சத்தியவேட்டுப் பக்கத்து ஏரி ஒன்றில் கங்கையா நீர்க்கட்டி. மதகைத் திறந்து அடைத்து வயல்வயலாகத் தண்ணீர் பாய்ச்சுவது அவன் வேலை. அறுப்பு முடிந்ததும் களத்துக்கு ஒரு நெற்கட்டு கூலி. அவன் சாதிக்காரர்களுக்குக் கட்டைத் தரையில் போடுவதுதான் ஊர் வழக்கம். அவனோ அதை வாங்க இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்பான். கையில் வைக்கும்வரை நகரமாட்டான். மற்றக் களங்களில் சலித்துப்போய்க் கையில் கொடுக்கப் பழகிவிட்டார்கள். கூலிக்காரர்கள் 'ஆண்டே' என்று கும்பிடும் ஆதிநாராயணன் களத்தில் மட்டும் கட்டு தரையில்தான் விழும்.

கங்கையா அதைத் தொடாமல் திரும்புவான். அதே களத்தில் கூலிக்கு அறுக்கும் அவன் அக்கா வெங்கடலட்சுமி பின்னாலேயே குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டி, வீட்டுக்குக் கொண்டுபோவாள். தம்பியின் வளையாத முதுகில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. ஆனால் பெருமையை உலையில் போட முடியாதே. அந்தச் சோறு எங்கிருந்து வந்தது என்று அவனும் கேட்டதில்லை.

ஆந்திராவுக்கும் மெட்ராஸ் ராஜ்யத்துக்கும் எல்லை பிரித்துக் கல் நட்ட வருஷம், ஏரி ஆந்திராவில் நின்றது. ஆதிநாராயணன் நிலம் மெட்ராஸில் விழுந்தது. கதிர் பால்பிடிக்கும் நேரம், வயல் வெடித்துக்கிடந்தது. ஆதிநாராயணன் ஏரிக்கரைக்கே வந்தான்.

"டேய் கங்கையா, தண்ணி வுடுடா."

"உன் நெலம் மெட்ராஸுய்யா. அங்க போயி கேளு."

"ஆண்டேன்னு சொல்ல வாய் வலிக்குதா? என் நெல்லத் துன்னு வளந்த ஒடம்புடா அது."

"மண்ணுல கெடந்ததத் துன்னு வளந்த ஒடம்பு."

தம்பிக்குக் கஞ்சி கொண்டுவந்து கரையில் நின்ற வெங்கடலட்சுமிக்கு முகம் எரிந்தது. அவள் எடுத்துப் போனது தம்பிக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

கரையில் கூடியிருந்தவர்களில் ஆந்திரா பக்கத்து விவசாயி நாராயணசாமி, "மன நீள்ளு மனக்கே! நம்ம தண்ணி நமக்குத்தான். தெறந்தேன்னா என் களத்துப் பக்கம் வராத," என்று கத்தினான்.

அவள் தம்பியின் காதருகே போனாள். "கையில குடுக்கறேன்னு சத்தியம் பண்ணச் சொல்லுடா. இப்ப வுட்டா எப்பவும் கெடைக்காது."

"தண்ணிய காட்டி வாங்கற மரியாத எனக்கு வாணாங்க்கா. பயிரு காஞ்சா அவன் வூட்ல குதிரு நெறைய நெல்லு கீது. அறுக்கப் போற உன் வூட்ல இன்னா கீது?"

எந்தப் பேரமும் பேசாமல் இறங்கி மதகைத் திறந்தான். ஆதிநாராயணன் தண்ணீர் போன வழியே, வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே நடந்துவிட்டான். நாராயணசாமி கங்கையாவின் காலடியில் காறித் துப்பினான். சொன்னபடியே அந்த அறுப்பில் கட்டு தரவில்லை. அவனைப் பார்த்து அவன் பங்காளிகளும் தரவில்லை. மிச்சம் இருந்தது ஆதிநாராயணன் களம் ஒன்றுதான்.

களத்தில் நெல் குவிந்திருந்தது. கங்கையா கைகளை நீட்டி நின்றான். இந்த முறையாவது கொடுப்பான் என்று அறுப்புக்காரப் பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆதிநாராயணன் ஒரு கட்டை எடுத்தான். நீட்டிய கைகளைப் பார்த்தான். அவற்றுக்குக் கீழே போட்டான்.

"எடுத்துக்கினு போ."

கங்கையா திரும்பி நடந்தான். வெங்கடலட்சுமிக்குப் பழக்கத்தில் முதுகு வளைந்தது. விரல்கள் கட்டைத் தொட்டும்விட்டன. வீட்டில் நொய்கூட இல்லை. அப்படியே நிமிர்ந்தாள்.

"இன்னாடி, எடுக்கலியா?" என்றான் ஆதிநாராயணன்.

"மாட்டுக்குப் போட்டுக்கிற. மாடு துன்னும்."

அவள் வாயில் அதுவரை தவறாத 'ஆண்டே' அன்று வரவில்லை. அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு தம்பிக்குப் பின்னால் போனாள். கதிரை மிதித்துப் பிணையலடித்த மாடுகளில் ஒன்று கட்டை முகர்ந்து, தலையை ஆட்டி இழுத்தது.