வீட்டுக்கு உகாதி, தோப்புக்குச் சித்திரை

எங்கள் ஊரை ஆந்திராவோடு சேர்த்த வருஷம், காற்றும் மழையும் இனிமேல் எந்த ராஜ்யத்துக் கணக்கில் வரும் என்று எங்கள் வீட்டில் ஒரு பெரிய குழப்பம் வந்துவிட்டது. பெரியவர்கள் பேசிப் பேசி அதைத் தீர்த்துக்கொண்டார்கள். பயப்படுகிற வேலை மட்டும் எனக்கு மிஞ்சியது. எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும்.

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அதுவரை மெட்ராஸ் ராஜ்யம். திருத்தணிப் பக்கத்தை மெட்ராஸ்காரர்கள் எடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்தை ஆந்திராக்காரர்களுக்கு விட்டார்கள் என்று பேச்சு. எங்களை யார் கேட்டார்கள்! சர்வேக்காரர்கள் வந்து சங்கிலி பிடித்து அளந்தார்கள், கால்வாய் ஓரமாக வெள்ளையடித்த கற்களை நட்டார்கள், மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் கூரை வீடு கல்லுக்கு இந்தப் பக்கம், ஆந்திரா. நைனா குத்தகைக்கு எடுத்திருந்த மாந்தோப்பு கல்லுக்கு அந்தப் பக்கம், மெட்ராஸ். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். வீட்டு வாசலில் நின்று பார்த்தால் தோப்பின் தலை தெரியும். அவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டு ராஜ்யம் வேறு.

எங்கள் சீமையில் மழை கேட்டால் வராது. மாசியிலேயே ஏரி வறண்டு வெடித்துவிடும். பங்குனி, சித்திரையில் யாரும் கூப்பிடாமலே மத்தியானத்துக்கு மேல் மேற்கே ஒரு கறுப்பு எழும். முதலில் புழுதி, அப்புறம் காற்று, அதற்கப்புறம் இடி. சில வருஷம் ஆலங்கட்டியும் விழும். எல்லாம் கொஞ்ச நேரம்தான். அதற்குள் கூரை போகும், மாங்காய் போகும், கட்டிப்போட்ட மாடு போகும். ஆள் போனதும் உண்டு. அதனால் வருஷம் பிறந்தால் எல்லோருக்கும் முதல் கேள்வி, இந்த வருஷம் காற்று எப்படி என்பதுதான். அதைப் பஞ்சாங்கம் படித்துச் சொல்வார்கள்.

ஊரில் தெலுங்கு வீடுகளுக்கு உகாதி அன்று ராமர் கோயிலில் படிப்பார்கள். நாங்கள் சித்திரை பிறக்கும்வரை காத்திருந்து, பக்கத்து ஊர் ஈஸ்வரன் கோயிலில் தமிழ்ப் பஞ்சாங்கம் கேட்போம். அந்த வருஷம்தான் முதல்முறையாக எங்கள் ஆட்களும் உகாதிக்குப் போய் உட்கார்ந்தார்கள். ஆந்திரா ஆகிவிட்ட பிறகு ஆந்திராவின் பலன்தானே நமக்கும் என்று நியாயம்.

ராமர் கோயில் அய்யவாரு தெலுங்கில் ராகம் போட்டுப் படித்தார். எங்களுக்கு அர்த்தம் சொன்னவர் சித்தப்பா. அவர் திருப்பதியில் ஒரு ஓட்டலில் கொஞ்ச நாள் பரிமாறிவிட்டு வந்தவர். ஆகவே வீட்டில் அவர் தெலுங்குப் பண்டிதர். அய்யவாரு ஒரு வரி படித்தால் சித்தப்பா மூன்று வரி சொன்னார். உப்பும் காரமும் அவர் கைவரிசை.

"இந்த வருசம் காத்து ஜாஸ்தியாம். பிடுகு ஜாஸ்தியாம். பிடுகுன்னா இன்னா? இடி, மரத்து மேல உழற இடி" என்றவர், நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பதைப் பார்த்தார். உடனே குஷி வந்துவிட்டது. "அக்கினி மூலையில மாமரத்தடியில ஒக்காந்துக்கினு கீறவங்களுக்குக் கண்டம்னு சொல்றாரு."

எங்கள் வீட்டுக்கு அக்கினி மூலையில்தான் தோப்பு. மாமரத்தடியில் குடிசை போட்டு உட்கார்ந்திருப்பவர் நைனா. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. "இன்னாடி, துன்ன மாட்டேங்கற?" என்று அம்மா அதட்டினாள். நான் சொல்லவில்லை. சொன்னால் உடனே நடந்துவிடும் என்று ஒரு பயம்.

சித்திரை பிறந்தது. ஈஸ்வரன் கோயில் குருக்கள் தமிழ்ப் பஞ்சாங்கத்தைப் படித்தார். காற்று சாந்தம், இடி குறைவு, தோப்பு துரவு செழிக்கும் என்று அதில் இருந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் மண்டையைச் சொறிந்துகொண்டு திரும்பினார்கள். இரண்டில் எதை நம்புவது?

நைனா தீர்ப்பு சொன்னார். "த பாரு, வூடு ஆந்திராவுல கீது. அதுக்கு உகாதி சொன்னது. தோப்பு மெட்ராஸ்ல கீது. அதுக்குச் சித்திரை சொன்னது. வூட்ட இறுக்கிக் கட்டிட்டா போதும், தோப்புக்கு ஒண்ணும் வராது." ஊரில் கல்லுக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருந்த எல்லோரும் இதே முடிவுக்குத்தான் வந்தார்களாம். சிரிக்காதீர்கள். ஒரே நாளில் தாலுக்கா மாறி, பள்ளிக்கூடத்துப் பாஷை மாறி, கோர்ட்டுக் கச்சேரி மாறிப்போன ஜனங்களுக்குக் காற்று மட்டும் மாறாது என்று எப்படித் தெரியும்?

நைனா கூரைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு, இரண்டு முனையிலும் பாறாங்கல் கட்டித் தொங்கவிட்டார். கயிறு போதவில்லை. தோப்புக் குடிசையைக் கட்டியிருந்த கயிற்றையும் அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டார்.

"அங்க வேணாவா?" என்றாள் அம்மா.

"அங்கதான் காத்தே இல்லியே!"

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஒரு நாள் கால்வாய்க்குப் போய், வெள்ளைக் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்து நின்று, கைநிறையப் புழுதியை அள்ளித் தூவிப் பார்த்தேன். புழுதி கல்லைச் சட்டை செய்யாமல் மெட்ராசுக்குள் போயிற்று. ஓடிப்போய் நைனாவிடம் சொன்னேன்.

"சின்னக் காத்துக்குச் சட்டம் இன்னாடி தெரியும்?" என்று சிரித்தார். "பெரிய காத்துன்னா கவர்மெண்டு மாதிரி. கல்லப் பாத்துதான் நிக்கும்."

மாங்காய் முற்றிப் பறிக்கிற பக்குவம். ஒரு நாள் நைனா கூழ் குடித்துவிட்டுத் தோப்புக்குப் போனார். மத்தியானத்துக்கு மேல் வெயில் மஞ்சளாக மாறியது. காக்கை ஒன்றைக்கூடக் காணோம். மேற்கே பார்த்த அம்மா காய வைத்திருந்த மிளகாயை அப்படியே விட்டுவிட்டு என்னைத் தரதரவென்று உள்ளே இழுத்தாள்.

அப்படி ஒரு காற்றை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. கூரை மூச்சு வாங்குவதுபோல் எழும்பி எழும்பி அமர்ந்தது. கயிற்றில் தொங்கிய பாறாங்கற்கள் சுவரில் மடார் மடாரென்று மோதின. ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. அம்மா என்னைத் தன் முந்தானைக்குள் அமுக்கிக்கொண்டு, ஒவ்வொரு இடிக்கும் "அர்ச்சுனா! அர்ச்சுனா!" என்று கத்தினாள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்களும் "அர்ஜுனா, பல்குணா" என்று கத்துவது கேட்டது. இடிக்கு இரண்டு பாஷையிலும் ஒரே ஆளைத்தான் கூப்பிட்டார்கள்.

நான் இடியை எண்ணவில்லை. எந்தப் பக்கம் விழுகிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கமே விழட்டும், எங்கள் பக்கமே விழட்டும் என்று வேண்டினேன். கயிறு இருக்கிறதே எங்களுக்கு. அப்போதுதான் கதவு இடுக்கெல்லாம் வெள்ளையாக எரிந்தது. கூடவே வெடித்த சத்தத்தில் அடுப்பு மேட்டுச் சட்டி உருண்டு விழுந்தது. அது அக்கினி மூலையில் விழுந்த இடி.

தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த சித்தப்பா, "ஐயோ அண்ணி" என்று ஓவென்று அழ ஆரம்பித்தார். "மாமரத்தடின்னு அவுரு சொல்லவே இல்ல அண்ணி! கொழந்தையக் கலாட்டா பண்றதுக்கு நானா சேத்துச் சொன்னேன். என் வாய்ல மண்ணு உழ!" ஒரு கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு அந்த மழையில் இறங்கி ஓடினார்.

அவரே சேர்த்துச் சொன்னது என்றால் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அம்மாவின் உடம்பு நடுங்குவது என் முதுகில் தெரிந்தது. பெரியவர்களும் பயப்படுவார்கள் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். இடியைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திருப்பதிப் பெருமாளே, எங்கள் நைனா வந்துவிட்டால் அலிபிரி அடிவாரத்திலிருந்து மலையை நடந்தே ஏறி வந்து மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு நைனா வந்தார். சித்தப்பாவின் தோளில் கை போட்டுக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்து, தலைமுடியெல்லாம் மாந்தளிர் ஒட்டிக்கொண்டு வந்தார். நான் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டேன். அம்மா அவர் முகத்தையும் கையையும் தடவித் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லமே" என்றார் நைனா, தேவைக்கு மேல் உரக்க. "அங்க ஒரு தூத்தல்கூட இல்ல. கல்லத் தாண்டி நம்ம பக்கம் கால வச்சேன் பாரு, அப்பதான் புடிச்சிக்கிச்சு மழ."

சித்தப்பா வாயைத் திறந்தார். நைனா அவரைப் பார்த்தார். ஜென்மத்தில் வாயை மூடாத சித்தப்பா அன்றைக்கு மூடிக்கொண்டார். நைனாவின் இடது காதில் துணி அடைத்திருந்தது. எறும்பு பூந்துகொண்டதாம். அம்மா எண்ணெய் காய்ச்சி விட்டாள். எனக்கோ குதிக்க வேண்டும்போல் சந்தோஷம். பஞ்சாங்கம் பலித்துவிட்டது! பெரிய காற்று கல்லைப் பார்த்து நின்றுவிட்டது!

அந்தப் பக்கம் நடந்ததைச் சித்தப்பா எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்கும் பிறகு. கயிறு இல்லாத குடிசை முதல் காற்றிலேயே பறந்துவிட்டதாம். ஒண்ட இடமில்லாமல் நைனா கால்வாய்ப் பள்ளத்துக்கு ஓடியிருக்கிறார். அவர் அதுவரை நின்றிருந்த மரத்தில்தான் இடி விழுந்தது. சித்தப்பா கிட்டே போய் "அண்ணா, அண்ணா" என்று கத்தியும் அவர் திரும்பவில்லையாம், தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினாராம்.

இடி விழுந்த மறுநாள் காலை நைனா வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் போய் அவர் இடது பக்கமாக ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். உகாதியிலிருந்து அடக்கி வைத்திருந்த பயத்தையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். யாருக்கும் கேட்கக் கூடாது என்று அவர் காதுக்குள்ளேயே சொன்னேன். மொட்டை போட அலிபிரிக்குக் கூட்டிப் போவாயா என்றேன். தலையை ஆட்டினார். இனிமேல் அந்தத் தோப்புக்குப் போகவே மாட்டாய்தானே, என் மேல் சத்தியமாகத்தானே என்று கேட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அதற்கும் தலையை ஆட்டினார்.

அடுத்த நாள் விடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டார். சத்தியம் பண்ணிவிட்டு ஏமாற்றிய மனுஷரோடு பேசவே கூடாது என்று சித்திரை முடியும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நான் பேசியதில் ஒரு சொல்கூட அவருக்குக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியாது.