ஏழாவது இணைப்பு

15.07.2024 – கடைசிச் சம்பளம் – ரூ. 38,400
05.08.2024 – பயிற்சி, ஐந்து நாள் – ரூ. 45,000
22.08.2024 – படங்கள், பிரதிகள் – ரூ. 640
26.08.2024 – பதிவுத் தபால் – ரூ. 160
07.11.2024 – பதிவுத் தபால், இரண்டாம் தடவை – ரூ. 160

இவையெல்லாம் சுதாஜினியின் பணம். எழுதி வைத்தது மட்டும் நான்.

சுதாஜினிக்கு இருபத்துநான்கு வயது. தர்மபுரத்தில் தாயோடு இருக்கிறாள். எழுபத்தேழாம் ஆண்டு அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். ஐந்து வருடம் ஆடைத் தொழிற்சாலையில் தைத்தாள். காலை ஐந்தேகாலுக்கு பஸ் ஏறினால் இரவு ஏழரைக்குத்தான் வீடு.

சென்ற ஆண்டு எங்கள் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்கு உதவித் திட்டம் ஒன்றில் வயலுக்கு மருந்து அடிக்கும் ட்ரோன் கிடைத்தது. அதை இயக்க ஒருவர் பயிற்சிக்குப் போகவேண்டும், செலவு அவருடையது என்றார்கள். கூட்டத்தில் இருந்த நாற்பத்தொரு பேரில் கை உயர்த்தியது அவள் மட்டும். அதற்காகத் தொழிற்சாலையை விட்டாள். ஜனவரி முடிவதற்குள் திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்வோம் என்று அங்கே சொன்னார்கள். ஆகவே அவளுக்கு ஒரேயொரு காலபோகம்தான், மாரிமழை நெல் விளைச்சல் ஒன்றுதான், இருந்தது. அதற்குள் ட்ரோன் பறந்தால் இது அவளுடைய தொழில். பறக்காவிட்டால் மறுபடியும் ஐந்தேகால் பஸ்.

பயிற்சியில் நன்றாகவே தேறினாள். விதிகள் அவளுக்கு மனப்பாடம். பகலில் மட்டும் பறக்கலாம், கண்ணுக்குத் தெரியும் தூரம் வரைதான், ஆட்களின் தலைக்கு மேலாகக் கூடாது, இராணுவ முகாம்களுக்குக் கிட்டப் போகக்கூடாது. எல்லாவற்றுக்கும் முதல் விதி, இயந்திரமும் இயக்குபவரும் பதியப்படும்வரை அதை நிலத்தை விட்டு எழுப்பவே கூடாது. பதிவுக்குப் பாதுகாப்பு அனுமதியும் வேண்டும்.

விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். முப்பத்துநான்கு வருடம் நீர்ப்பாசன இலாகாவில் எழுதுவினைஞராக இருந்தேன். ஊரில் இன்றும் கிளாக்கர் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். படிவம் ஆறு இணைப்புகள் கேட்டது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பயிற்சிச் சான்றிதழ், கிராம சேவையாளர் கடிதம், பொலிஸ் நற்சான்று, காப்புறுதி. நான் ஏழு வைத்தேன்.

ஏழாவது, யுத்தகால இடப்பெயர்வு விபரம். மீள்குடியேறிய காலத்தில் வீட்டுத் திட்டம், கடன், நிவாரணம் என்று எந்தப் படிவம் வந்தாலும் அதைக் கேட்டார்கள். எங்கள் பிரிவில் இருநூற்றுப் பதினாறு குடும்பங்களுக்கும், எந்தத் தேதியில் எங்கே இருந்தார்கள் என்று, குடும்பத்துக்கொரு பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். பிரதி எடுத்து இணைப்பது கைப்பழக்கம். இந்தப் படிவம் அதைக் கேட்கவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

நவம்பர் நான்காம் தேதி கொழும்பிலிருந்து பதில் வந்தது. இணைப்பு ஏழின்படி விண்ணப்பதாரர் 06.02.2009 முதல் 10.02.2009 வரை எங்கே இருந்தார் என்பது குறிப்பிடப்படவில்லை, விளக்கம் தருக. அவ்வளவுதான்.

தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால், செட்டிகுளம் முகாம். எல்லாவற்றுக்கும் தேதி இருந்தது. சுதந்திரபுரத்துக்கும் இரணைப்பாலைக்கும் நடுவில் மட்டும் வெறுமை. அந்தப் பக்கத்தை 2010இல் அவளுடைய தாய் சொல்லச் சொல்ல எழுதினேன். அந்த இடத்தில் அவா பேசாமல் இருந்துவிட்டா. நானும் கேட்காமல் விட்டேன்.

அமைப்பின் தலைவர் சிற்றம்பலம் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"கிளாக்கர் ஐயா, உந்தக் கடுதாசியை உங்களிட்டை ஆர் கேட்டது? கேக்காத வீட்டிலை போய்ச் சாப்பாடு பரிமாறினது மாதிரி எல்லோ இருக்கு."

கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

அன்று பின்னேரமே சுதாஜினி கடிதத்தைப் பார்க்க வந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. அந்த நாட்களில் அவளுக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தது.

"என்னெண்டு எழுத பிள்ளை?" என்று கேட்டேன்.

"நடந்துகொண்டிருந்தனாங்கள் எண்டு எழுதுங்கோ ஐயா."

"அஞ்சு நாளுமோ?"

"ஓம். அப்பா மட்டும் ரெண்டு நாள்."

அப்படியே எழுதினேன். 06.02.2009 – 10.02.2009, நடையில். தகப்பனைப் பற்றி எழுதவில்லை. அதை அவர்கள் கேட்கவில்லை. கேட்காததை எழுதாமல் விட அன்றுதான் பழகினேன்.

நவம்பர் ஏழாம் தேதி பதில் தபாலில் போனது. டிசம்பர் பத்துவரை பார்ப்போம் என்றார் சிற்றம்பலம். அதற்குமேல் பயிர் பொறுக்காது. பன்னிரண்டாம் தேதி வவுனியாவிலிருந்து பதிவு பெற்ற வேறொரு குழு தங்கள் இயந்திரத்தோடு வந்தது. சுதாஜினி வரம்பில் நின்று அவர்களுக்கு மருந்து கலந்து கொடுத்தாள். காற்று மாறியபோது முதலில் கவனித்ததும் அவள்தான். நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினார்கள். எங்கள் ட்ரோன் களஞ்சியத்தில் பெட்டிக்குள் இருந்தது.

நான் ஒவ்வொரு நாளும் தபாற்கந்தோருக்குப் போய் வந்தேன். பொங்கலுக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்பதை விட்டுவிட்டாள். ஜனவரி முப்பதாம் தேதி காலை சந்தியில் பஸ்ஸுக்கு நின்றாள். கையில் பழைய சாப்பாட்டுப் பை.

"கடிதம் வந்தால் உங்களிட்டையே வச்சிருங்கோ ஐயா," என்றாள். "ஞாயிற்றுக்கிழமைதான் லீவு."

கடைசி வயலையும் அறுத்து முடித்த அடுத்த நாள் தபாற்காரர் வந்தார். இயந்திரத்துக்கு ஒரு பதிவு எண், அவளுக்கு ஒரு பதிவு எண், ஒரு வருடத்துக்குச் செல்லும். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

கடிதம் கிடைத்த தேதி 17.02.2025.