உத்தரவு போட மட்டும் தெரிந்த ஆங்கிலம்

என் மகளைப் பேசாத பிள்ளையாக்கியது நீங்கள்தான், பிரின்சிபால் சார்.

அவளுக்கு ஒன்பது வயது. எழுத்துக் கூட்டிப் படிக்க வராது, ஓரிடத்தில் உட்காரவும் மாட்டாள். வாய் மட்டும் முன்பெல்லாம் ஓயாது. காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸ் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே கதையைத் தொடங்கிவிடுவாள். ஒருநாள் ஆட்டோக்காரர் முன்சீட்டில் ஆட்டுக்குட்டியை ஏற்றிக்கொண்டு வந்தாராம்.

“அம்மா, என் டிபன அதுக்கு நீட்டுனேன். நக்கோ, வேணாம்னு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு.”

“ஏட்டி, என் உப்புமாவையா கிண்டல் பண்ணுத?”

வகுப்பில் நாளெல்லாம் திட்டு வாங்கி வரும் பிள்ளைக்கு அதுதான் நல்ல நேரம்.

கற்றல் குறைபாடும் கவனக் குறைபாடும் இருக்கிறதென்று தெரிந்ததும் எங்களைக் கூப்பிட்டீர்கள். பள்ளியில் தெலுங்கு, இந்தி, ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று நான்கும் சேர்ந்தால் மண்டை குழம்பும், வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்றீர்கள். நிறுத்தினோம்.

நான் திருநெல்வேலிக்காரி. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதட்டலாம், கொஞ்ச முடியாது. ஈட், சிட், ரைட், ஸ்லீப். வீட்டில் அவளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். தமிழில் வாயைத் திறந்தால் “இங்கிலீஷ்” என்பேன். கதை நின்றது. படிப்பும் வரவில்லை. வந்ததும் பையைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள்.

ஒரு சாயங்காலம் தலை பின்னிவிடும்போது மெதுவாகக் கேட்டாள்.

“நான் நல்லா படிச்சிட்டேன்னா மறுபடி எங்கூட தமிழ்ல பேசுவியாம்மா?”

படிக்காததற்குத் தண்டனையாக நான் பேச்சை நிறுத்திவிட்டதாக நினைத்திருக்கிறாள்.

பேகம்பேட்டில் குழந்தை டாக்டரைப் போய்ப் பார்த்தோம். வீட்டு மொழியால் இந்தக் குறை வராது, அதை நிறுத்தினால் போகவும் போகாது, எதில் மனசு விட்டுப் பேசுகிறாளோ அதைப் பிடுங்காதீர்கள் என்றார்.

அதை உங்களிடம் வந்து சொன்னேன். பள்ளி பொதுவாகச் சொன்ன யோசனைதான், பெற்றோர் கூட்டத்தில் இதைக் கிளப்ப வேண்டாம் என்று டீ வரவழைத்தீர்கள். போன வாரம் இன்னொரு அம்மாவிடம் மலையாளத்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறீர்கள்.

வீட்டில் இப்போது தமிழ்தான் பேசுகிறோம். அவள்தான் பேசவில்லை. கேட்டால் ஒரு வார்த்தை சொல்வாள், அதையும் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வாள்.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நான் வருகிறேன், அந்த மலையாள அம்மாவும் வருகிறார். மைக்கைப் பிடித்து எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்: யாரைக் கேட்டு என் வீட்டில் தமிழை நிறுத்தச் சொன்னீர்கள்?